வெளிவாசல் இல்லாத மேகம்

“செவுரு எழுப்பத் தெரிஞ்ச உனக்கு அதுல வாசல் வைக்கோணும்னு தெரியாதா? தெரியும். நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் வைக்காமப் போயிருக்கற. உள்ள வர்றதுக்கு மட்டும் அகலமாத் தொறந்து வெச்சுட்டு, வெளிய போறதுக்கு எறும்பு நொழையற ஓட்டை கூட இல்லாமப் பண்ணிப்போட்டு, நீ பாட்டுக்கு மேல உக்காந்து குளுகுளுன்னு இருக்கற. எறங்கி வாடா கீழ.”

வண்டிக்கரையில் பொழுது விடிந்ததும் கேட்கிற முதல் சத்தம் இதுதான். பேருந்து நிலையத்து டீக்கடையில் பாட்டுப் போடுவதற்கும் முன்னால், லாரி புக்கிங் ஆபீஸ் பாவாத்தாள் தோளில் துண்டும் கையில் டீ டம்ளருமாக வாசலுக்கு வந்து, அண்ணாந்து, லாரிப்பேட்டைக்கு மேல் படிந்து கிடக்கும் மேகத்தைப் பார்த்துத் திட்டத் தொடங்குவாள். அந்தத் திட்டைக் கேட்டுத்தான் ஊர் எழுந்து பல் விளக்கும். குரல் ஓங்கியிருந்தால் அக்காவுக்கு இன்றைக்கு உடம்பு தேவலை என்பார்கள். கம்மியிருந்தால் யாராவது சுக்குக் காபி போட்டுக் கொடுத்தனுப்புவார்கள். மேகம் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. அது பாட்டுக்கு உள்ளுக்குள் மெல்ல உறுமிக்கொண்டு, கிடா மாடு அசைபோடுவது மாதிரி எதையோ போட்டு அரைத்துக்கொண்டே இருக்கும்.

பாவாத்தாள் யாருக்கும் பயப்படாதவள். மாட்டுத் தரகரின் மகளாகப் பிறந்து, லாரி டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டு, அவன் ஒரு மழைநாளில் வண்டியோடு பள்ளத்தில் போன பிறகு பேட்டையில் டீ விற்று, டீ குடிக்க வந்த டிரைவர்களிடம் எந்த ஊரில் என்ன சரக்குக் கிடக்கிறது என்று கேட்டுக் கேட்டு மனதில் வாங்கி, ஒரு நாள் டீ அடுப்பை அணைத்துவிட்டு அதே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லோடு பேச ஆரம்பித்தவள். பேரம் பேசுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அப்பன் மாட்டுச் சந்தையில் பேசியதுபோலவே அவளும் துண்டுக்குள்தான் பேசுவாள். இரண்டு பேர் கையை நீட்ட, மேலே துண்டைப் போட்டு மூட, உள்ளே விரலும் விரலும் பேசிக்கொள்ளும். ஐந்து விரலுக்கும் பேரத்தின் ஐந்து சங்கதிகளைப் பெயராக வைத்துவிட்டு, வேண்டுமென்றால் விரலை நிமிர்த்த வேண்டும், வேண்டாமென்றால் மடக்க வேண்டும். கை உள்ளே இருக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. கை வெளியே வந்த பின், உள்ளே நடந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது. பேசினதை மாற்ற வேண்டுமானால் அதே இரண்டு கைகள் மறுபடி துண்டுக்குள் போக வேண்டும், வேறு வழியில்லை. அவள் வந்த பிறகு பேட்டை முழுக்க இதுவே பழக்கமாகிப் போனது.

லாரித் தொழிலில் போகிற லோடு பெரிய காரியமில்லை. திரும்புகிற லோடுதான் தொழில். சிமெண்டு ஏற்றிக்கொண்டு போன வண்டி வெறும் வண்டியாகத் திரும்பினால், டீசல் குடித்தது, டயர் தேய்ந்தது, டிரைவர் பெண்டாட்டி முகம் கோணியது, இதுதான் மிச்சம். இந்த ஒரு கவலையிலேயே வண்டிக்கரை தலைமுறையாக நரைத்துக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் வண்டிக்கு வண்டி ஜிபிஎஸ் பெட்டி வந்துவிட்டது. எந்த வண்டி எங்கே நின்றது, எங்கே என்ன ஏற்றியது, எங்கே வெறுமனே கிடந்தது என்று அந்தப் பெட்டிகள் ராப்பகலாகச் சொல்லிக்கொண்டே இருந்தன. சொன்னதைக் கேட்டுக் கூட்டிக் கழித்துப் பார்க்கத்தான் ஆளில்லை. சங்கத்தில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் ஒரு வாரத்துச் சங்கதியை விழுங்கிவிட்டு மூச்சு முட்டி நின்றுபோனது.

அப்போதுதான் அந்த ஆள் வந்தான். மேகக் கம்பெனி ஆள் என்றார்கள். கழுத்தில் அடையாள அட்டைப் பட்டையும் கையில் இரண்டு போனுமாக வந்து, லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் சென்னியப்பன் இழுத்துப் போட்ட நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தான். பெயர் சொன்னான். யாரும் மனதில் வாங்கவில்லை.

“ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர் வாங்கி எல்லாத்தையும் அது தலையில ஏத்தினா முதுகு உடைஞ்சிடும்மா. அதுக்குப் பதிலா, நிறைய சின்ன கம்ப்யூட்டருங்களை மேகத்துல வாடகைக்கு எடுத்துக் கொத்தா கட்டிடறோம். கிளஸ்டர்னு பேரு. ஒண்ணு தலை. அது வேலையைப் பிரிச்சுக் கொடுக்கும். மத்ததெல்லாம் ஆளுக்கொரு பங்கு செய்யும். ஒண்ணு படுத்துட்டா அதோட பங்கை இன்னொண்ணு தூக்கிக்கும். வேலை கூடினா கம்ப்யூட்டரும் தானா கூடிக்கும்.”

“மேஸ்திரியும் சுமை தூக்கறவங்களும்,” என்றாள் பாவாத்தாள். “இதுக்கா தம்பி இத்தன நேரம் சுத்தி வளைச்சீங்க?”

பேட்டை சிரித்தது. அவனும் சிரித்தான்.

“எதாவது கோளாறுன்னா யாரைக் கேக்கறதுங்க?” என்றார் சென்னியப்பன்.

“கூப்பிட்டா போதும் சார். எப்பவும் மேலேயேதான் இருப்போம்.”

பிறகு பேரம். அவன் பையிலிருந்து காகிதத்தை எடுக்கப் போக, பாவாத்தாள் வேண்டாமென்று கையை நீட்டச் சொன்னாள். தலையைக் குனிந்து ஐந்து விரலுக்கும் ஐந்து பெயரை அவன் காதோடு சொல்லக் கேட்டு வைத்துக்கொண்டு, துண்டைப் போட்டாள். துண்டு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. ஒரு கட்டத்தில் அந்த ஆளின் முகம் மாறி, “அம்மா, அது வந்து,” என்று வாயைத் திறந்ததையும், “துண்டுக்குள்ள கை இருக்கறப்ப வாய் பேசக் கூடாது தம்பி, பேசினா பேரம் முறிஞ்சுது,” என்று பாவாத்தாள் அதட்டியதையும், அவன் எச்சிலை விழுங்கிக்கொண்டதையும் எல்லாரும் பார்த்தார்கள். அதற்கு மேல் துண்டுக்குள் நடந்ததைச் சொல்லக் கூடாது என்பது பேட்டையின் வழக்கம், அதனால் இங்கேயும் இப்போதைக்குச் சொல்லவில்லை.

கொத்து கட்டித் திறக்கும் நாளைப் பெரிய பூசையாகவே வைத்தார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். சூடத் தட்டு கடைசி ஆள் கைக்குப் போவதற்குள், காற்றுக்கு எதிராக, தனியாக, ஒரு மேகம் மேற்கிலிருந்து வந்து பேட்டைக்கு மேலே பெரிய புளியமரத்தின் உயரத்தில் நின்றது. ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. வாடகைக்கு எடுத்த பொருளை நேரம் தவறாமல் அனுப்பிவிட்டார்கள், பரவாயில்லை, நல்ல கம்பெனிதான் என்று பேசிக்கொண்டார்கள். பந்தி நடந்தது. மேகத்தின் நிழலில் குளிர்ச்சியாக உட்கார்ந்து எல்லாரும் இரண்டாம் தடவை பாயசம் வாங்கினார்கள்.

பாவாத்தாளின் மகள் சிந்துஜா அந்தப் பூசைக்கென்று ஈரோட்டிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தாள். கூட்டமும் சூடப் புகையுமாக இருக்குமே என்று பால்குடி மறக்காத பெண் குழந்தையை மாமியார் ருக்குமணியிடம் விட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடுகிறேன் என்று கிளம்பி வந்தவள். சாயங்கால பஸ் ஏறினாள். பஸ் கிழக்கே ஆற்றுப் பாலத்தில் ஏறியது, பாலத்தைத் தாண்டியது, தாண்டியதும் மேற்கே ரயில்வே கேட் வழியாக வண்டிக்கரைக்குள் நுழைந்தது. கண்டக்டர் மாரிச்சாமி விசிலை ஊதி நிறுத்தி, வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, “ஈரோடு டிக்கெட்டெல்லாம் உக்காருங்க, இன்னொருக்கா போய்ப் பாக்கலாம்,” என்றார். இன்னொருக்கா போனார்கள். மறுபடி ரயில்வே கேட். இருட்டும்வரை போய்ப் பார்த்துவிட்டு, டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குச் செல்லும் என்று சொல்லி இறக்கிவிட்டார்.

மறுநாளும் அப்படித்தான். நடந்து போனாலும் அப்படித்தான். வரப்பு வழியாகப் போனவர்கள் வரப்பு வழியாகவே திரும்பி வந்தார்கள். ஆற்றில் நீந்தியவன் எதிர்க்கரையில் ஏறி, தலையைத் துவட்டிக்கொண்டு நிமிர்ந்தால், துணியைக் கழற்றி வைத்த அதே படித்துறையில் நின்றான். வருவதற்கு ஒரு தடையும் இல்லை. லாரிகள் வந்தன. காய்கறி வந்தது. கேபிள் டிவியில் செய்தி வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்போதும்போல் தூங்கி வழிகிற ஒரு சிற்றூர்தான் தெரிந்தது. ஊருக்குள் இருப்பவர்கள் பாலத்து முனையில் நின்று கையை ஆட்டி வராதீங்க, வராதீங்க என்று கத்தியதோ, தட்டியில் எழுதி உயர்த்திப் பிடித்ததோ அவர்கள் கண்ணுக்கும் காதுக்கும் எட்டவில்லை. வெறும் தெரு என்று நினைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்து ஏறிய பிறகுதான், அட, இத்தனை பேர் நிற்கிறீர்களா என்பார்கள்.

முதல் வாரம் ஊர் அழுதது. பிறகு ஒரு மாதிரி பழகியது. மாரிச்சாமி பஸ்ஸை நிறுத்தவேயில்லை. “ஈரோடு, ஈரோடு” என்று கூவிக்கொண்டுதான் எடுப்பார். ஈரோட்டுக்குப் போக முடியாது என்று தெரிந்தே ஆட்கள் ஏறினார்கள். பாலத்துக் காற்று முகத்தில் அடிக்கிற அந்தக் கொஞ்ச நேரமாவது ஊருக்கு வெளியே போன மாதிரி இருக்கிறதே என்றார்கள். கல்யாணத்துக்கு வந்த கரூர்க்காரர்கள் மண்டபத்திலேயே தங்கி, மின்விசிறிக்குக் கீழே யார் படுப்பது என்று பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் தினம் சண்டை போட்டுக்கொண்டு, அந்தச் சண்டையிலேயே நெருங்கின சொந்தமாகிவிட்டார்கள். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவர் ஜீப்போடு மாட்டிக்கொண்டார். வேறு வேலை இல்லாததால் அவர் தினமும் அதே தெருக்களில் அதே பேச்சைப் பேச, ஊருக்கே அது மனப்பாடமாகி, ஒரு வரியை விட்டுவிட்டால் வாசலில் கோலம் போடுகிற பெண்கள் நிமிர்ந்து எடுத்துக் கொடுத்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரிகள் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து மனு வாங்கினார்கள். வாங்கின மனுவை மேலே அனுப்ப வழியில்லை, அதனால் அவர்களும் ஒரு மனு எழுதித் தங்களிடமே கொடுத்துக்கொண்டார்கள்.

எதுவும் வெளியே போகவில்லை. அரிசி ஆலைப் புகை போகவில்லை. குழம்பு தாளித்த வாசனை மேலத் தெருவிலிருந்து கிளம்பி ஊரைச் சுற்றி ஆறிப்போய் மறுபடி மேலத் தெருவுக்கே வந்தது. ஒருவரைப் பற்றி ஒருவர் பேசின புறணி, அசலூருக்குப் போய்க் கரைந்துபோக இடமில்லாமல், பொழுது சாய்வதற்குள் பேசினவர் காதுக்கே வந்து சேர்ந்தது. அதனால் மனிதர்கள் கொஞ்சம் பார்த்துப் பேசப் பழகினார்கள். பறவைகள் வந்து வந்து அமர்ந்து மரக்கிளைகள் தாழ்ந்தன. தெருவெல்லாம் லாரி நின்றது. லாரிக்கடியில் தூளி தொங்கியது, லாரிக்கும் லாரிக்கும் நடுவில் கொடி கட்டித் துணி காய்ந்தது. காய்ந்தது என்று பேச்சுக்குத்தான். வெயில் எங்கே இருந்தது? வேலை கூடினால் தானாகக் கூடிக்கொள்ளும் என்று அந்த ஆள் சொன்னது பொய்யில்லை. உள்ளே ஒரு லாரி வந்தால் மேகம் ஒரு சுற்றுப் பெருத்தது. பெருக்கப் பெருக்கக் கீழே இறங்கியது. புளியமரத்தின் தலையை விழுங்கி, விளக்குக் கம்பங்களின் கழுத்துவரை வந்தது. உயரமான ஆட்கள் குனிந்து நடக்கத் தொடங்கினார்கள்.

கொத்து தன் வேலையைக் கச்சிதமாகச் செய்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு டிரைவர் போனிலும் செய்தி வந்து விழும். இந்த வண்டி முட்டை ஏற்றிக்கொண்டு கொல்லம் போகட்டும், அங்கே ரப்பர் கிடக்கிறது, அதை மதுரையில் இறக்கினால் வாழைத்தார் தயாராக இருக்கும். ஒரு கிலோமீட்டர் கூட வெறும் வண்டி ஓடாத கணக்கு. டிரைவர்கள் படித்துப் பார்த்து, “அடேங்கப்பா, என்ன மூளை,” என்று மெச்சிவிட்டு, தாயம் ஆட உட்கார்ந்தார்கள். எங்கள் வண்டி வெறுமனே திரும்பக் கூடாது என்று தலைமுறையாக வேண்டிக்கொண்ட ஊர் அது. வேண்டுதல் பலித்துவிட்டது. போனால்தானே திரும்புவதற்கு.

சிந்துஜா தாயம் ஆடவில்லை, பஸ்ஸும் ஏறவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பாள். இங்கிருந்து போட்டால் மணி அடிக்காது. வெளியிலிருந்து வந்தால் அடிக்கும், அவர்கள் பேசுவது கேட்கும், இவர்கள் பேசுவது அங்கே போகாது. மேகக் கம்பெனியிலிருந்து கூட வந்தது. “எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தி எனில் எண் ஒன்றை, இல்லை எனில் எண் ஒன்பதை அழுத்தவும்” என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. சென்னியப்பன் ஒன்பதை அழுத்து அழுத்தென்று அழுத்தி விரல் வீங்கிப் போனார். “தங்கள் பதில் கிடைக்கவில்லை, நன்றி,” என்று வைத்துவிட்டாள் அந்தப் பெண்.

ருக்குமணி தினமும் கூப்பிட்டாள். “சிந்து, கேக்குதா சாமி? ஹலோ? ஒண்ணும் பேசமாட்டேங்கறியே. பாப்பா அழுகறா, கேளு,” என்று போனைக் குழந்தையின் வாயருகே பிடிப்பாள். குழந்தை வீறிடும். சிந்துஜாவின் ரவிக்கை நனையும். அவள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, கேட்காது என்று தெரிந்தும், “அம்மா இருக்கறேன் கண்ணு, அம்மா இருக்கறேன்,” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. கல்யாண மண்டபத்துப் பெண்கள் பால் வற்றட்டும் என்று மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டிவிட்டார்கள். பாவாத்தாள் வெளியே போய் மேகத்தைப் பார்த்து இன்னும் கேவலமாகத் திட்டினாள்.

ஒரு நாள் ருக்குமணி சொன்னாள். “நேத்துல இருந்து அழறதில்ல சிந்து. புட்டிப்பால் பழகிக்கிட்டா. என்னைப் பாத்துத்தான் சிரிக்கறா.” அன்றைக்கு சிந்துஜாவுக்குக் காய்ச்சல் விட்டது. பால் வற்றிவிட்டது. அவள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து போனில் வந்தது அவள் புருஷன் நவநீதன். கடை வேலையும் பாப்பாவுமாக இத்தனை நாள் எட்டிப் பார்க்க முடியாமல் இருந்தவன்.

“சிந்து, என்ன கோவமோ தெரியல. அந்த ஊருக்குப் போனவங்க ஒருத்தரும் திரும்பலைன்னு இங்க பேசிக்கறாங்க. என்னவா இருந்தாலும் சரி. வெள்ளிக்கிழமை காலையில பாப்பாவைத் தூக்கிட்டு நானே பைக்ல வர்றேன். மூணு பேரும் ஒண்ணா இருந்துக்கலாம்.”

“வராதீங்க,” என்றாள் சிந்துஜா. “நவநீ, வராதீங்க. பாப்பாவைக் கொண்டுட்டு வராதீங்க.” போன் வைக்கப்பட்டு வெகுநேரம் ஆன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். மார்பு வேண்டும் வேண்டும் என்றது. வாய் வேண்டாம் என்றது.

சென்னியப்பன் சங்கத்தைக் கூட்டினார். பாலத்தில் லாரியைக் குறுக்கே நிறுத்தலாம் என்றார் ஒருவர். நிறுத்திப் பார்த்தோமே, வருகிறவன் கண்ணுக்கு லாரியே தெரியவில்லை, லாரிக்குள் புகுந்தே வந்துவிட்டானே என்றார் இன்னொருவர். குழந்தைக்குத் தொட்டில் நாங்கள் கட்டித் தருகிறோம் என்றார்கள் மண்டபத்துக்காரர்கள், நல்ல மனதோடுதான். “வாடகைத் தொட்டிலா சொந்தமா?” என்று வேட்பாளர் கேட்டார். சிந்துஜா எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆபீஸில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். ஃபேன் சுற்றியது. சிந்துஜா அம்மாவின் தோளிலிருந்து துண்டை உருவினாள்.

“அந்த ஆள்கிட்டப் பேசினப்ப அஞ்சு விரலுக்கும் என்னம்மா பேரு வெச்சே?”

“எதுக்குடி இப்ப?”

“பேரு சொல்லலாம்ல. அது துண்டு போடறதுக்கு முந்தித்தான.”

பாவாத்தாள் மகளைப் பார்த்தாள். சின்ன வயதில் இந்த மேசைக்கடியில் உட்கார்ந்து விரல் பேச்சு படித்தவள் அவள். “கட்டை விரல் தலைக் கம்ப்யூட்டர். ஆள்காட்டி வேலைக்காரக் கம்ப்யூட்டருங்க. நடு விரல் சரக்குக் கிடங்கு. மோதிர விரல் சுத்துச் செவுரு.” நிறுத்தினாள். “சுண்டு விரல் வெளிவாசல்.”

சிந்துஜா கையை நீட்டினாள். பாவாத்தாளின் கை தானாக நீண்டது, எத்தனை வருஷத்துப் பழக்கம். துண்டு விழுந்தது. மகளின் விரல்கள் கட்டை விரலைத் தொட்டன. நிமிர்ந்து நின்றது. ஆள்காட்டியைத் தொட்டன, நின்றது. நடு விரல் நின்றது. மோதிர விரல் நின்றது. சுண்டு விரலைத் தொட்டதும், ஒருவர் கேட்டு ஒருவர் சொன்னது என்றில்லாமல், அது மெல்ல உள்ளே மடங்கியது.

உள்ளே வருகிற எதற்கும் வாடகை இல்லை அம்மா, வெளியே போவதற்குத்தான், போகப் போக வாடகை என்று அன்றைக்கு அந்த ஆள் காதோடு சொன்னான். உள்ளே விடக் காசு கேட்கிற சந்தையைப் பாவாத்தாள் பார்த்திருக்கிறாள். வெளியே விடக் காசு கேட்கிற சந்தையை எங்கேயும் பார்த்ததில்லை. அதுவுமில்லாமல், நம்முடைய லோடு விவரம் வெளியே எதற்குப் போக வேண்டும், போனால் பக்கத்துப் பேட்டைக்காரன் காதில்தானே விழும்? மடக்கினாள். அவன் நிமிர்த்தினான். மறுபடி மடக்கினாள். அவன் மறுபடி நிமிர்த்தி வாயைத் திறந்தான், அதட்டினாள், அடங்கினான். அந்த விரல் மடங்கியபோது அவளுக்குள் எழுந்த சந்தோஷம், வாழ்நாளில் பேசிய பேரத்துக்கெல்லாம் தலையான பேரத்தை முடித்துவிட்ட சந்தோஷம், இப்போதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

சிந்துஜா கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள். பிறகு எடுத்தாள்.

“தெரிஞ்சவன் அவன்தான,” என்றாள் பாவாத்தாள். “கையை உதறிட்டு எந்திரிச்சுப் போயிருக்கலாமில்ல? வாசல் இல்லாம வீடு கட்டுன்னு நான் சொன்னா, கொத்தனாரு கட்டீருவானா?”

“சரி. அவங்கிட்டயே கேளு.” சிந்துஜா துண்டை உதறி மடித்து அம்மாவின் தோளில் போட்டாள். “இத்தன நாளா வாயிலயே கேட்டுட்டு இருக்கற. வாயில முடிஞ்ச பேரமா இது?”

வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஊரில் திட்டுச் சத்தம் கேட்கவில்லை. என்ன ஆயிற்றோ என்று பல்லில் பிரஷ்ஷோடு ஆட்கள் பேட்டைக்கு வந்தார்கள். பாலத்தை ஒட்டி, பஞ்சுப் பொதி ஏற்றிக் கூரை உயரத்துக்குக் கயிறு கட்டின லாரி ஒன்று நின்றது. பாவாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் மேல் ஏறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு கயிற்று முடிச்சிலும் நின்று ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு ஏறினாள்.

“அக்கா, வேண்டாங்க்கா, வழுக்கிரும்,” என்றார் கீழே சென்னியப்பன்.

“வழுக்குனா எங்க போய் விழுகப் போறேன்? இந்த ஊருலதான விழுவேன். நீ தள்ளி நில்லு.”

உச்சிப் பொதியில் ஏறி நின்றாள். மேகத்தின் அடிவயிறு தலைக்கு மேலே தொட்டுவிடும் தூரத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அங்கிருந்து பாலம் முழுக்கத் தெரிந்தது. பாலத்து முனையில் சிந்துஜா இரண்டு கையையும் அகல விரித்து நின்றாள், தன்னைப் பார்க்க முடியாத ஒருவனைத் தடுப்பதற்காக.

பாவாத்தாள் வலது கையில் துண்டைப் போட்டு மூடி, மேகத்துக்குள் முழங்கைவரை விட்டாள். ஐஸ் பெட்டிக்குள் விட்ட மாதிரி இருந்தது. துழாவினாள். ஒன்றும் இல்லை. இன்னும் எக்கித் துழாவினாள். அப்போது துண்டின் அந்தப் பக்கத்தில் ஒரு கை வந்து அவள் கையோடு சேர்ந்தது. வேலை செய்து காய்க்காத மெத்தென்ற கை, அன்றைக்குப் பிடித்த அதே கை. எப்பவும் மேலேயேதான் இருப்போம் என்று சொன்னது பொய்யில்லை.

கீழே ஊர் அண்ணாந்து நின்றது. வேட்பாளர் கூடப் பேசவில்லை.

பாவாத்தாள் தன் விரல்கள் ஐந்தையும் விரித்து உள்ளங்கையை மேலே காட்டினாள். விரல் பேச்சில் அதற்கு, விலையை நீயே சொல், நான் குறைக்க மாட்டேன் என்று அர்த்தம். அப்பன் அவளுக்குக் கற்றுக் கொடுத்ததிலேயே, ஒரு நாளும் காட்டாதே என்று சொல்லிக் கற்றுக் கொடுத்தது அது ஒன்றுதான். அவள் காட்டியதும் இல்லை.

மேலிருந்த கை அவள் சுண்டு விரலைத் தேடிப் பிடித்தது. நிமிர்த்தியது. நிமிர்த்திவிட்டு விடவில்லை. எதையோ சொல்லத் தொடங்கி அடக்கிக்கொள்கிறவனின் மூச்சு, மேகத்தின் உறுமலுக்கு நடுவில் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அன்றைக்கு நாற்காலி நுனியில் கேட்ட அதே மூச்சு.

பாலத்தின் அந்தக் கடைசியில் ஒரு பைக் தெரிந்தது. ஓட்டுகிறவனின் நெஞ்சோடு சேர்த்துத் தூளியாகக் கட்டின சேலை தெரிந்தது. சேலையிலிருந்து ஒரு சின்னக் கால் வெளியே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. சிந்துஜா விரித்த கையைத் தாழ்த்தவில்லை.

பாவாத்தாள் துண்டுக்குள்ளிருந்த கையை இறுக்கிப் பிடித்தாள்.

“என்னத்தை முழுங்கற? துண்டுக்குள்ள கை இருக்கறப்ப வாய் பேசக் கூடாதுன்னு சொன்னவ நாந்தான். இப்ப நானே சொல்றேன், பேசு. அன்னைக்குச் சொல்ல வந்ததைச் சொல்லு. கோளாறு என் விரல்லயா உன் வாயிலயான்னு பஞ்சாயத்து வெக்கறதுக்கு நான் ஏறி வரல. கையை விரிச்சுக் காட்டிட்டேன், என்ன வேணுமோ எடுத்துக்க, நான் ஒரு வார்த்தை குறைச்சுக் கேக்கல. உன்ர கையை மட்டும் விடமாட்டேன். எம் பேத்தி பாலத்து மேல வந்துட்டு இருக்கறா. அவ கால் இந்தக் கரையில படறதுக்கு முன்னால வாயைத் தொற. தொறந்து சொல்லிப்போட்டு, வாசலை வை.”